மருத்துவச்சியின் வலது காது

பதுளை டவுனில் இப்போது நடுவயதுக்காரர்கள் சிலர் காலையில் கூடி நீந்துகிறார்கள். சர்க்கரை, பிரஷர், தொந்தி, முழங்கால் வலி எல்லாம் உள்ள கூட்டம். நல்ல காரியம்தான். அவர்களில் ஒருவர், கடைவீதியில் புடவைக்கடை வைத்திருப்பவர், போன வாரம் என் வீட்டுக்கு வந்தார். இரண்டு காதிலும் பஞ்சு.

"இதை யாரு வைக்கச் சொன்னது?"

"நானாத்தான் வச்சேன். தண்ணியில இருந்து ஏறுனா காதுல பனி ஏறிருமே."

"எடுங்க."

"கொஞ்சம் பொறுத்து எடுக்கிறேனே."

"இப்ப எடுங்க. இல்லாட்டி எந்திரிச்சுப் போங்க."

எடுத்தார். பஞ்சு ஈரமாக இருந்தது. மோந்து பார்க்கச் சொன்னேன். மோந்தார், முகம் சுருங்கியது. போகும்போது, "நம்ம ஆக்களுக்குக் காதைப் பத்தி நாலு வரி எழுதித் தாங்களேன்" என்றார்.

நாலு வரியில் எழுதலாம். எழுதினால் எவனும் கேட்கமாட்டான். என் ஆயுளில் பாதி தேயிலைத் தோட்டத்து மருந்துக் காம்பராவில், அதாவது மருந்தறையில், நின்று நாலு வரிகளைச் சொல்லியே போனது. காதில் ஈர்க்குக் குச்சி விடாதே, கோழி இறகு விடாதே, பூண்டு காய்ச்சிய எண்ணெய் ஊற்றாதே. "சரிங்க" என்பார்கள். அடுத்த மாதம் அதே காதில் அதே எண்ணெய் நாற்றத்தோடு வந்து நிற்பார்கள். ஆகவே வரிகள் வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு காதைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சர். அறுபதுகளின் நடுவில் பயிற்சி எடுத்தபோது சில மாதங்கள் பதுளையில் ஒரு காது டாக்டரின் கீழ் நின்றேன். அந்தப் பயிற்சியில் படித்த மற்றதெல்லாம் பாதி மறந்துவிட்டது. அந்த மனிதர் கை கழுவும் விதம்கூட மறக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உடம்பு. குரல் உயரவே உயராது. நோயாளி வலிக்கிறது என்று எந்தக் காதைக் காட்டுகிறாரோ அதை முதலில் தொடமாட்டார். மற்றக் காதைத்தான் பார்ப்பார். முதல் நாள் எனக்கு எரிச்சல் வந்தது. வலிக்கிற காது இருக்க நல்ல காதை என்ன பார்வை என்று முணுமுணுத்துவிட்டேன். அவருக்குக் கேட்டுவிட்டது.

"நல்லது எப்பிடி இருக்கும் எண்டு தெரியாமல் கெட்டதை என்னெண்டு காணுவீர்?" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை.

காதுக்குள் வைக்கிற சிறு புனலை ஸ்பிரிட் விளக்கில் காட்டி, முதலில் தன் புறங்கையில் வைத்துச் சூடு பார்ப்பார். மருந்துச் சீசாவை உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்த பிறகுதான் துளி விடுவார். குளிர்ந்த துளி காதில் விழுந்தால் உலகம் சுற்றும். அது தெரியாமல் எத்தனையோ பேர் பிள்ளைகளின் காதில் மருந்து ஊற்றி அவை வாந்தி எடுப்பதைப் பார்த்து மிரண்டிருக்கிறார்கள்.

ஒரு நாள் தன் நெற்றிக் கண்ணாடியை என் தலையில் கட்டிவிட்டு, "பொறுத்துப் பாரும்" என்றார். பார்த்தேன். இருட்டு. மயிர். குறும்பி. தலையைச் சற்றே சரித்ததும் வெளிச்சம் உள்ளே போய் எதிலோ பட்டது. சிப்பியின் உட்புறம் போல மினுங்குகிற ஒரு சவ்வு. அதன் ஓரத்தில் முக்கோணமாக ஒரு ஒளித்துண்டு. என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அந்த மனிதன் வாழ்நாளெல்லாம் கேட்ட பேச்சு, மழை, அழுகை எல்லாம் இதன் வழியாகத்தான் போயிருக்கிறது என்று நினைத்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. நான் எளிதில் வாய் மூடுகிற ஆள் இல்லை.

அதன் பிறகு நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். அங்கே எனக்கு முன்பே ஞானசுந்தரி அம்மா மருத்துவச்சியாக இருந்தார். கனத்த உடம்பு, சுருக்கென்ற பேச்சு. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலானவை அவர் கையில் விழுந்தவைதான். அவரிடம் ஒரு மரக்குழல் இருந்தது. ஒரு முனையைக் கர்ப்பிணியின் வயிற்றில் வைத்து, மறு முனையில் வலது காதை அழுத்தி, கைகளை எடுத்துவிட்டுக் குனிந்து நிற்பார். குழல் வயிற்றுக்கும் காதுக்கும் நடுவில் தானாக நிற்கும். கண் மூடியிருக்கும். பிறகு விரலால் மேசையில் தட்டுவார். பிள்ளையின் இதயம் எப்படி அடிக்கிறதோ அப்படி. நான் ஸ்டெதஸ்கோப் வைத்துத் தேடிக் காணாத துடிப்பை எத்தனையோ தடவை அந்த மேசையில் கேட்டிருக்கிறேன்.

தோட்டங்கள் அரசாங்கத்திடம் போன காலத்தில் அவருக்கு நாற்பத்தைந்தை ஒட்டிய வயது. சர்க்கரை வந்தது. முழங்கால் வீங்கியது. மேல் பிரிவு லயத்துக்கு ஏறுவதற்குள் வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். நடக்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள். முழங்கால் இல்லாதவர் எதை வைத்து நடப்பது?

பங்களாவுக்குக் கீழே, முன்பு இருந்த வெள்ளைக்காரத் துரை கட்டிய நீச்சல் குளம் ஒன்று இருந்தது. ஓடைத் தண்ணீர் ஒரு பக்கம் விழுந்து மறு பக்கம் வழிந்து போகும். புதிதாக வந்த துரையின் மனைவி சிங்களவர், துரைசானி என்போம். அந்த அம்மாவின் கடைசிப் பிரசவம் பார்த்தது ஞானசுந்தரிதான். "நீ வா. தண்ணியில முழங்கால் நோகாது, நான் சொல்லித் தாறேன்" என்று அந்த அம்மாதான் இவரைக் கூட்டிப்போய் இறக்கினார். ஞானசுந்தரி பாவாடையும் நீளச் சட்டையும் போட்டு இறங்கினார். நமுனுகுலத் தண்ணீர் எலும்புக்குள் போகிற குளிர். முதலில் கல் விளிம்பைப் பிடித்துக் காலடித்தார். ஒரு மாதம் அவ்வளவுதான். அப்புறம் கையை விட்டார்.

மேலே பாதையில் போகும்போது நான் பார்த்தேன். பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பினேன், மறுபடியும் பார்த்தேன். ஒவ்வொரு படிக்கும் மூச்சு வாங்கிய ஞானசுந்தரி தண்ணீரில் பாரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தார். அவசரம் இல்லை. தண்ணீர் அவரை வைத்துக்கொண்டிருந்தது.

தோட்டத்து ஆபீசில், கந்தோர் என்போம், பெரிய கிளாக்கர் என்று ஒருவர் இருந்தார். அவருக்கு இது பொறுக்கவில்லை. மருந்துக் காம்பரா வாசலில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நாப்பது தாண்டி என்னம்மா நீச்சல்? எருமை மாதிரி தண்ணியில கெடக்கறீங்களாம்?"

"ஒங்க சம்சாரத்துக்கு ஏழாவது பாக்க நான் மேட்டுக்கு ஏறி வரணுமில்ல, அதுக்குத்தான்," என்றார் ஞானசுந்தரி. மருந்துக்கு நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஆறேழு மாதத்தில் அவர் மேல் பிரிவுக்கு உட்காராமல் ஏறினார். மூத்திரம் பரிசோதித்தால் சர்க்கரை குறைந்திருந்தது. என் தொந்தியைப் பார்த்து, "ஒங்களுக்கும் தண்ணி வேணும்யா" என்றார். ஆண்களுக்கு ஞாயிறு விட்டார்கள். நானும் இறங்கினேன். மூழ்கினேன், குடித்தேன், கடைசியில் மிதந்தேன்.

அப்புறம் ஒரு நாள் கர்ப்பிணிகள் வரும் கிளினிக்கில் அவர் குழலை இடது காதில் வைத்திருப்பதைக் கண்டேன்.

"என்னம்மா, காது மாறியிருக்கு?"

"சும்மாதான்யா."

மறு வாரமும் இடது. மேசையில் தட்டவில்லை. வந்திருந்த மூன்று பேரையும் "எல்லாம் நல்லாருக்கு, போ" என்று அனுப்பினார். மூன்று பேரும் போனதும் கதவைச் சாத்தினேன்.

"உட்காருங்க. வலது காதைக் காட்டுங்க."

"ஒண்ணுமில்லய்யா. கொஞ்சம் அரிச்சிச்சு, கொஞ்சம் அடைச்ச மாதிரி..."

முதலில் இடது காதைப் பார்த்தேன். பிறகு வலது காதின் மடலைச் சும்மா பிடித்து லேசாக மேலே இழுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்ட வேகத்தில் டோர்ச் லைட் கீழே விழுந்தது. மடலை இழுத்தால் உயிர் போகிறது என்றால் புண் வெளித்துளையில் இருக்கிறது. டோர்ச்சை எடுத்து அடித்துப் பார்த்தேன். துளை வீங்கி ஒரு கீறலாகக் கிடந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

"எதால சொறிஞ்சீங்க?"

கொண்டையைத் தொட்டார். கொண்டை ஊசி.

"காதைக் குடையாதேன்னு ஊரெல்லாம் ஏசுவீங்களே."

"அரிப்பு தாங்க முடியலய்யா."

"நீந்திட்டு ஏறுனதும் என்ன செய்வீங்க?"

"என்ன செய்வேன், பஞ்சு வச்சுத் தலையில துண்டைச் சுத்திக்குவேன். பனி இல்லையா?"

எனக்கு விளங்கியது. பிள்ளை பெற்றவளுக்குக் காதில் பஞ்சு வைத்துத் தலையில் துணி கட்டுவது மலையில் எங்கள் வழக்கம். ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் இவர் கையாலேயே வைத்தது. காய்ந்த காதில் வைத்த பஞ்சு கெடுதல் செய்யாது. இவர் அந்தப் பஞ்சைத் தண்ணீர் நின்ற காதில் வைத்தார். நனைந்த பஞ்சு நாள் முழுக்க உள்ளே. துண்டின் சூடு மேலே. பாசி பிடிப்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மறுநாள் பதுளை பஸ்ஸில் போனோம். அந்த டாக்டர் அப்போதும் அங்கேதான் இருந்தார், தலை நரைத்திருந்தது. இடது காதைப் பார்த்தார். பிறகு வலது காதுக்கு வராமல் ஞானசுந்தரியின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"கண்ணை இறுக்கி மூடுங்கோ. ம். இனிப் பல்லைக் காட்டுங்கோ."

"பல்லக் காட்டவா பதுளைக்கு வந்தேன்?"

"காட்டுங்கோ."

காட்டினார். வாய் இரண்டு பக்கமும் சமமாகப் போனது. டாக்டர் மெல்ல மூச்சு விட்டார். சர்க்கரைக்காரரின் காதுப் புண் சில வேளை எலும்புக்குள் இறங்கிவிடும், அப்போது முகம் கோணும், உயிருக்கே ஆபத்து என்று பிறகு வெளியே வைத்து எனக்குச் சொன்னார்.

அதன் பிறகுதான் வலது காது. முனையில் பஞ்சு சுற்றிய கம்பியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். உரசவில்லை, ஒற்றினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், நேரம் போனது. நனைந்த பத்திரிகைத் தாள் போல ஒரு அழுக்கு வந்தது, அதில் மிளகுத்தூள் தூவியது போல கறுப்புப் புள்ளிகள். பூஞ்சணம். அதற்குப் பின்னால் இடுக்கியால் இழுக்க, ஒரு திரி பஞ்சு வந்தது. எப்போது பிய்ந்து உள்ளே தங்கியதோ.

"இது உங்கடையோ?"

ஞானசுந்தரி தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்தக் காதாலதான் நான் புள்ளைகளக் கேக்கறது டாக்டர். இடது காதுக்கு அது பழக்கமில்ல. இது போச்சுன்னா எனக்கு வேலை போச்சு."

டாக்டர் காது சோதிக்கிற ஒரு இரும்புக் கவையை எடுத்துத் தன் முழங்கையில் தட்டினார். அது ரீங்காரமிட்டது. அதன் அடிக்கட்டையை ஞானசுந்தரியின் நெற்றி நடுவில் வைத்தார்.

"எந்தப் பக்கம் கேக்குது?"

ஞானசுந்தரி கண்ணை மூடினார். பிறகு கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வலது பக்கம்."

"வடிவாக் கேட்டுச் சொல்லுங்கோ."

"வலதுலதாங்க. கெட்ட காதுலதான் கேக்குது."

டாக்டர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தரம். "அடைச்ச காதுக்கு எலும்பு வழியா வாற சத்தம் கூடக் கேக்கும். நரம்பு செத்திருந்தால் மற்றப் பக்கம்தான் கேட்டிருக்கும். உங்கடை நரம்பு சுகமாயிருக்கு. கதவுதான் பூட்டியிருக்கு."

ஒரு இரும்புக் கவை, ஒரு நெற்றி, ஒரு கேள்வி. இத்தனை வருஷம் ஆகியும் அது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது.

கறுப்பு நிறத்தில் தார் வாடை அடிக்கும் ஒரு மருந்தில் மெல்லிய துணித் திரியைத் தோய்த்து, வீங்கிய துளைக்குள் மடித்து மடித்து வைத்தார். வீக்கத்தை அது உறிஞ்சும். தினமும் மாற்ற வேண்டியது என் வேலை. ஞானசுந்தரி எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"இனி நீந்தலாமா டாக்டர்?"

"நீந்தத்தான் வேணும். உங்கடை சர்க்கரைக்கு அதுதான் மருந்து. ஆனால் காது சுகமாகும் வரைக்கும் தண்ணியில இறங்கப்படாது. பிறகு இறங்கினால், ஏறின உடனே தலையைச் சரிச்சு, மடலை மேலயும் பின்னுக்கும் இழுத்துத் தண்ணியை வடிய விடுங்கோ. மற்றப் பக்கமும் அப்பிடியே. துணி நுனியால வெளியில மட்டும் ஒத்துங்கோ. உள்ளுக்க ஒண்டும் போகப்படாது. குறும்பி அழுக்கில்லை, அது காதின்ரை காவல். மழைக்குத் தண்ணி கலங்கினால் அண்டைக்கு நீந்த வேண்டாம்."

"பனி?"

"பனி காதுக்குள்ள போகாதம்மா. தண்ணிதான் போகும்."

என்னிடம் தனியாக, காது ஆறி, சவ்வில் ஓட்டை இல்லை என்று பார்த்த பிறகு, நீந்தி ஏறும்போது வெள்ளை வினாகிரியும் ஸ்பிரிட்டும் சம அளவு கலந்து இரண்டு துளி விடலாம் என்றார். டவுன் நீச்சல்காரர்களே, இதை மட்டும் பிடித்துக்கொண்டு சீசாவோடு ஓடாதீர்கள். ஓட்டை உள்ள காதிலும் புண் உள்ள காதிலும் அது விடக்கூடாத மருந்து. முதலில் ஒரு டாக்டரிடம் காதைக் காட்டுங்கள்.

தினமும் காலையில் திரியை மாற்றினேன். ஒவ்வொரு நாளும் அந்தக் கீறல் கொஞ்சம் திறந்தது. அதற்குள் பெரிய கிளாக்கர் தன் வேலையைத் தொடங்கிவிட்டார்.

"செவிட்டு மருத்துவச்சிய வச்சுக்கிட்டுத் தோட்டம் என்ன செய்யிறது? வேற ஆள் பாக்கச் சொல்லித் தொரைகிட்டச் சொல்லிட்டேன். பொம்பள தண்ணியில கெடந்தா இதுதான்."

நான் அவரை ஏசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஆனால் ஏசி ஒன்றும் ஆகப்போவதில்லை. காது கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஞானசுந்தரிக்கு வேலையும் இல்லை, தோட்டம் கொடுத்த வீடும் இல்லை.

திரி எடுத்தாயிற்று. துளை காய்ந்தது. டோர்ச்சிலும் சவ்வின் மினுக்கம் கொஞ்சம் தெரிந்தது. ஆனாலும் ஞானசுந்தரி குழலை வலது காதுக்குக் கொண்டுபோகவே இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். வைக்காதவரை அது போய்விட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு பகலில், கொழுந்து நிறுக்கும் நேரத்தில், பார்வதி வந்தாள். மேல் பிரிவில் கொழுந்து எடுப்பவள். மாதம் நிறைந்திருந்தது. இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போனவை.

"நேத்திலேருந்து அசையலீங்க," என்றாள். அழவில்லை. இரண்டு தடவை அழுது தீர்த்த முகம்.

நான் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். தாயின் நாடி கேட்டது. வேறொன்றும் இல்லை. இடம் மாற்றினேன். இல்லை. ஞானசுந்தரி குழலை எடுத்து இடது காதில் அழுத்தினார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வலது காத வைங்க," என்றேன்.

"வச்சுக் கேக்கலேன்னா?" பார்வதிக்குக் கேட்காமல் சொன்னார்.

"வைங்கம்மா."

வெளியே மருந்துக்கு நின்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலால் தலையை நீட்டி வாயை மூடச் சொன்னேன், என் பாணியில். ஜன்னலைச் சாத்தினேன். ஞானசுந்தரி முதலில் கையால் வயிற்றைத் தடவி, பிள்ளையின் முதுகு எங்கே என்று பார்த்தார். குழலை நிறுத்தினார். தலையை மறு பக்கம் திருப்பி, வலது காதை மெல்ல இறக்கி வைத்தார். கையை எடுத்தார். கண் மூடினார்.

ஒன்றும் நடக்கவில்லை. பார்வதி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தக் காதின் உள்வழி முழுவதும் தெரியும், தினமும் பார்த்தவன். வளைவு, அந்த ஒளித்துண்டு, அதற்கு அப்பால் நான் பார்க்க முடியாதது. எல்லாம் அங்கே காத்திருந்தன.

அவர் விரல் அசைந்தது. மேசையில் ஒரு தட்டு. நின்றது. பிறகு தட்டு, தட்டு, தட்டு. வழக்கமாக அவர் தட்டுகிற வேகம் இல்லை. மெதுவாக, இடையில் தயங்கி. ஆனால் நிற்கவில்லை.

"இருக்கு," என்றார் கண்ணைத் திறக்காமல். "களைச்சுப்போய் இருக்கு. பதுளைக்கு இப்பவே போகணும். லொறியச் சொல்லுங்கய்யா."

ஓடினேன். கொழுந்து லொறியில் மெத்தை போட்டு ஏற்றினோம். கொழுந்து அப்படியே கிடக்கட்டும் என்றேன். வாசலில் நின்ற பெரிய கிளாக்கர் ஒதுங்கி வழி விட்டார். வழி நெடுக ஞானசுந்தரி பார்வதியின் வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பதுளையில் வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண் பிள்ளை. எடுத்ததும் அழவில்லையாம், கொஞ்ச நேரம் கழித்து அழுததாம். இரண்டாம் வாரம் பார்வதி அதைத் தூக்கிக்கொண்டு மருந்துக் காம்பராவுக்கு வந்தபோது அது அழுத அழுகையில் என் காதே அடைத்தது.

வேறு மருத்துவச்சி பற்றிய பேச்சு அத்தோடு நின்றது.

வெயில் காலம் தொடங்கி ஓடை தெளிந்ததும் அவர் மறுபடி தண்ணீரில் இறங்கினார். அந்த முதல் நாள், ஏறும்போது நான் இருக்க வேண்டும் என்று துரைசானியிடம் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார். துண்டைப் போர்த்திக்கொண்டு கல்லில் உட்கார்ந்து, தலையை வலது பக்கம் சரித்தார். மடலை மேலும் பின்னும் இழுத்தார். கீழே உள்ளங்கையை ஏந்தினார். சற்று நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு துளி விழுந்தது. அவர் அதை என் முன்னால் நீட்டினார். உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்ததாம்.

"இவ்வளவுதான்யா," என்றார்.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். லயத்துப் பக்கமிருந்து ஒரு பிள்ளை அழுகிற சத்தம் வந்தது. எனக்குக் கேட்பதற்கு முன்பே அவர் தலையை நிமிர்த்தியிருந்தார்.

"பார்வதி மகதான்," என்றார். "பசிக்குது அதுக்கு."